கேளுங்க சொல்றேன்: என் புடவைக்கு யாரு டாலர் போட்டது?

கேள்வி: அக்கா, நான் ஆரணியில வீட்ல இருந்தே பட்டுப்புடவை வாங்கி விக்கறேன். விலைப்பட்டியல கூகுள் ஷீட்ல போட்டு லிங்க்க வாட்ஸப் குரூப்ல அனுப்பினேன். அனுப்பறதுக்கு முன்னாடி அழகா இருக்கட்டுமேன்னு மேல இருந்த கரன்சி பட்டன அமுக்கிட்டேன், 4,800 ரூபா புடவை $4,800.00ன்னு நிக்குது. "என்னக்கா, ஒரு புடவை நாலு லட்சமா?"ன்னு குரூப்ல ஒரே கிண்டல். ஒவ்வொண்ணா அழிச்சு மாத்தணுமா?

பதில்: ஒண்ணையும் அழிக்காதீங்க. நீங்க போட்ட 4800 அப்படியேதான் இருக்கு, முன்னாடி நிக்கற குறி மட்டும்தான் ஷீட் தானா ஒட்டினது. உங்க கூகுள் அக்கவுண்ட்ல மொழி "இங்கிலீஷ் - யுனைடெட் ஸ்டேட்ஸ்"னு இருக்கும், நம்மள்ல பாதிப் பேருக்கு அப்படித்தான், அதனால புதுசா திறக்கற ஷீட்டும் நீங்க அமெரிக்காவுல கடை வச்சிருக்கறதா நினைச்சுக்குது. ஷீட்ட கம்ப்யூட்டர்ல திறந்து ஃபைல் மெனுவுக்குப் போங்க, கீழ செட்டிங்ஸ் இருக்கும், அதுல லொக்கேல்ங்கற இடத்துல இந்தியாவ எடுத்து சேவ் குடுங்க. இது உங்க ஸ்கிரீன்ல மட்டும் மாறாது, அந்த ஃபைலுக்கே மாறும், லிங்க் வச்சிருக்கற எல்லாருக்கும். விலை இருக்கற காலத்துல (காலம்னா மேலேர்ந்து கீழ போற கட்ட வரிசை) இன்னும் டாலரே நின்னா முழுக் காலத்தையும் செலக்ட் பண்ணி ஃபார்மட், நம்பர், கரன்சின்னு ஒரு தடவ குடுங்க, ₹ வந்துரும். ஃபைல் முழுக்க மாத்த வேண்டாம், ஒரே ஒரு காலம் மட்டும் போதும்னா அதே இடத்துல கஸ்டம் கரன்சி இருக்கு, அங்க இந்தியன் ருபீய தேடி எடுத்துக்கலாம்.

லொக்கேல் மாத்தின கையோட தேதியப் பாருங்க. அமெரிக்காக்காரங்களுக்கு மாசம் முதல்ல, நாள் அப்புறம். நீங்க ஏப்ரல் அஞ்சுன்னு நினைச்சு 05/04/2025னு போட்டிருந்தா ஷீட் அத மே நாலுன்னுதான் வாங்கி வச்சிருக்கும், இப்ப 04/05/2025னு காட்டும். 25/04/2025 மாதிரி தேதியெல்லாம் அதுக்குப் புரியாம வெறும் எழுத்தா இடது பக்கம் ஒட்டிட்டு நிக்கும், அதையெல்லாம் திரும்ப டைப் பண்ணிருங்க.

விலையிலயும் இதே சங்கதிதான். பில் புக்ல எழுதற பழக்கத்துல சிலதுக்கு 4,800/- னு கோடு போட்டிருப்பீங்க, எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். அந்தக் கோடு வந்துட்டாலே அது எண் இல்ல, எழுத்து, சம் ஃபார்முலா அத சத்தமில்லாம விட்டுட்டுக் கூட்டும். எண்ணுன்னா வலது பக்கம் நிக்கும், எழுத்துன்னா இடது பக்கம், காலத்த மேலேர்ந்து கீழ ஒரு பார்வை பார்த்தாலே தெரிஞ்சுரும். கன்ட்ரோல் எச் அமுக்கி, தேடற இடத்துல /- போட்டு, மாத்தற இடத்த காலியா விட்டு ரீப்ளேஸ் ஆல் குடுங்க.

கேள்வி: லொக்கேல் இந்தியா வச்சாச்சு, ₹ வருது. ஆனா பன்னெண்டரை லட்சம் 1,250,000னு வருது மேடம். எங்க கடை முதலாளி "இது என்னய்யா கணக்கு, எனக்குப் படிக்கவே வரல"ன்னு பிரிண்ட்ட தூக்கிப் போடறார். (விருதுநகர் வாசகர்)

பதில்: முதலாளி கோவப்படறது நியாயம்தான், மில்லியன் கமா பார்த்து லட்சத்தப் படிக்கறது கண்ணுக்குப் பெரிய வேலை. ஃபார்மட், நம்பர், கஸ்டம் நம்பர் ஃபார்மட்டுக்குப் போய் இத ஒரு எழுத்து விடாம அடிங்க:

[>=10000000]₹##\,##\,##\,##0;[>=100000]₹##\,##\,##0;₹##,##0

கோடிக்கு மேல ஒரு வடிவம், லட்சத்துக்கு மேல ஒண்ணு, அதுக்குக் கீழ ஒண்ணு, நடுவுல அரைப்புள்ளி. கமாவுக்கு முன்னாடி நிக்கற அந்தச் சாய்கோடுதான் "இந்தக் கமாவ நான் சொன்ன இடத்துலயே வை"ன்னு ஷீட்டுக்குச் சொல்றது. இப்ப ₹12,50,000 வரும். ₹ வேண்டாம், தமிழ்லயே வரணும்னா அந்த மூணு இடத்துலயும் "ரூ. " னு டபுள் கோட்ஸோட போட்டுக்கங்க. ஒரே குறை, மைனஸ்ல போற தொகை மூணாவது வடிவத்துல மாட்டிக்கும், ரெண்டரை லட்சம் நஷ்டம் பழையபடி 250,000னுதான் தெரியும்.

கேள்வி: குவைத்ல வேலை பாக்கறேன் அக்கா. செலவு தினார்ல, வீட்டுக்கு அனுப்பறது ரூபாயில, ரெண்டையும் ஒரே ஷீட்ல எழுதறேன். தினார் காலத்த செலக்ட் பண்ணி ரூபான்னு மாத்தினா 50 தினார் 50 ரூபா ஆயிருது!

பதில்: தம்பி, ஃபார்மட் குறியத்தான் மாத்தும், காச மாத்தித் தராது. மாத்தணும்னா பெருக்கணும். இன்னைய ரேட்டு வேணும்னா ஈக்வல் போட்டு கூகுள்ஃபைனான்ஸ் ஃபார்முலா இருக்கு, அடைப்புக்குறிக்குள்ள டபுள் கோட்ஸ் போட்டு கரன்சி, கோலன், கேடபிள்யூடிஐஎன்ஆர்னு (KWDINR, தினார், ரூபா ரெண்டோட சுருக்கம்) இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா ஒரு தினாருக்கு எத்தனை ரூபான்னு வரும். ஆனா அத நேரா மாசக் கணக்குல கோத்துராதீங்க. ரேட்டு மாற மாற அந்தக் கட்டத்துல இருக்கற எண்ணும் மாறும், ஜனவரில அனுப்பின பணம் ஜூன்ல திறந்து பாத்தா வேற தொகை காட்டும், ஊர்ல "நீ சொன்னது ஒண்ணு, ஷீட்ல இருக்கறது ஒண்ணு"ன்னு ஆரம்பிப்பாங்க. போதாததுக்கு எக்ஸ்சேஞ்ச்காரன் குடுக்கற ரேட்டு இதுவா இருக்கவும் இருக்காது. அனுப்பின அன்னைக்கு ரசீதுல இருக்கற ரேட்ட தனிக் காலத்துல கையால எழுதி வச்சு அதால பெருக்குங்க.

உங்க ஊர்க் காசுல இன்னொரு விஷயம், ஒரு தினாருக்கு 1000 ஃபில்ஸ், அதனால புள்ளிக்கு அப்புறம் மூணு இலக்கம் வேணும். ரெண்டு இலக்க ஃபார்மட்ல 3.875 தினார் 3.88னு தெரியும். கஸ்டம் நம்பர் ஃபார்மட்ல #,##0.000 போடுங்க. ஓமன், பஹ்ரைன்ல இருக்கறவங்களுக்கும் இதேதான். அப்புறம் தினாரையும் ரூபாயையும் ஒரே காலத்துல போட்டா ஷீட் வாய் திறக்காம ரெண்டையும் கூட்டிக் குடுத்துரும், பிரிச்சே வைங்க.

கேள்வி: பைசா வேண்டாம்னு கரன்சி ரவுண்டட் போட்டேன், கூட்டல் ஒரு ரூபா இடிக்குது. ஏன்? (சேலம் வாசகி)

பதில்: 100.40 மூணு தடவ இருக்குன்னு வைங்க, கண்ணுக்கு 100, 100, 100னு தெரியும், உள்ள பைசா அப்படியே இருக்கறதால மொத்தம் 301. எங்க அப்பார்ட்மெண்ட் மெயின்டனன்ஸ் கணக்க நான் இப்படித்தான் பிரிண்ட் எடுத்துட்டுப் போய், ஒரு ரூபாய்க்காக முக்கால் மணி நேரம் மீட்டிங்ல நின்னேன், டீயும் ஆறிப்போச்சு. நிஜமாவே பைசா வேண்டாம்னா ரவுண்ட் ஃபார்முலா போட்டு எண்ணையே முழுசாக்கிட்டு அப்புறம் கூட்டுங்க.

கேள்வி: ₹ கீபோர்டுல எங்க இருக்கு?

பதில்: விண்டோஸ்ல கீபோர்ட் மொழி இங்கிலீஷ் இந்தியான்னு வச்சுட்டு வலது பக்க ஆல்ட்டோட 4 அமுக்குங்க. ஆண்ட்ராய்டு போன்ல ஜிபோர்டுன்னா சிம்பல் பக்கத்துல காசுக் குறி இருக்கற கீய அமுக்கிப் பிடிங்க, மத்த நாட்டுக் குறியெல்லாம் மேல வரும், அதுல இருக்கும். 2010 ஜூலைல இந்தக் குறிய மத்திய அரசு ஏத்துக்கிட்டுச்சு, வரைஞ்ச உதயகுமார் நம்ம தமிழ்நாட்டுக்காரர்தான். அதுக்கு முன்னாடி வந்த பழைய ஃபாண்ட்ல இந்தக் குறி இல்லாததால வெறும் கட்டம்தான் தெரியும், அப்படி வந்தா ஃபாண்ட்ட மாத்திப் பாருங்க.