புடாவுக்கும் பெஸ்ட்டுக்கும் இடையே 1849 வரை நிலையான பாலம் ஏன் இல்லை?

ஹங்கேரியின் தலைநகரான இன்றைய புடாபெஸ்ட், டான்யூப் ஆற்றின் இரு கரைகளிலும் இருந்த தனித்தனி ஊர்களின் சேர்க்கை. முன்பு அவற்றை இணைத்தது மிதவைப் பாலம்: படகுகளை வரிசையாகக் கட்டி, மேலே பலகை பரப்பிய வழி. குளிர்காலத்தில் பனிக்கட்டிகள் மிதந்து வந்து மோதும் என்பதால் அதைக் கழற்றிவிடுவார்கள். ஆறு கெட்டியாக உறைந்தால் மேலே நடந்தே போகலாம். பாதி உறைந்த நாட்களில்தான் சிக்கல். படகும் போகாது, காலும் வைக்க முடியாது. 1820 டிசம்பரில் தந்தையின் மறைவுச் செய்தி கேட்டு வந்த இஸ்த்வான் செச்செனி பிரபு, ஒரு வாரம் கரையிலேயே காத்திருந்தார். பின்னாளில் பாலத்துக்காகப் பாடுபட்டவர் அவரே.

ஆற்றுக்குள் தூண்களை நெருக்கமாக நட்டால் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும். 1838-இல் பனிக்கட்டியால் ஆறு அடைபட்டு வந்த வெள்ளம் பெஸ்ட்டை நாசமாக்கியது. எனவே இரண்டே தூண்கள் கொண்ட சங்கிலிப் பாலத்தைக் கட்டினார்கள். வீட்டு ஊஞ்சலைப் போலத்தான்: பலகையின் பாரத்தைச் சங்கிலி மேலே தூக்கிக்கொள்வதால் அடியில் முட்டு வேண்டியதில்லை. வடிவமைத்தவர் வில்லியம் டியர்னி கிளார்க், கட்டுமானத்தை நடத்தியவர் ஆடம் கிளார்க். பெயர் ஒன்றானாலும் உறவினர் அல்லர். அதுவரை சுங்கம் கட்டாத பிரபுக்களும் இதில் கட்டணம் செலுத்த நேர்ந்தது. எனக்குப் பாலத்தைவிட இதுவே பெரிய சாதனையாகத் தெரிகிறது. 1945-இல் பின்வாங்கிய ஜெர்மன் படை தகர்த்த பாலம் 1949-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

டான்யூப் மீதான முதல் பாலமே இதுதான் என்று பலர் நினைப்பது தவறு. ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் நகரில் 12-ஆம் நூற்றாண்டுக் கல்பாலம் இன்றும் நிற்கிறது.