தவணை ஆப், வீட்டுப் பள்ளி, கலங்கிய தண்ணீர்: வடசென்னை வாசகியர் கேள்விகள்

கேள்வி: வீட்டிலேயே மெஷின் போட்டு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். ஏழாவது போக வேண்டிய மகளை இந்த வருஷம் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டு வீட்டில் படிக்க வைக்கிறோம். எப்படியோ தெரிந்துகொண்டு ஒரு கல்வி ஆப் கம்பெனிக்காரர் வந்து இரண்டு மணி நேரம் பேசினார். டேப்லெட்டோடு இரண்டு வருஷப் பாடம், மாதம் 3,499 ரூபாய், பிடிக்காவிட்டால் 15 நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்றார். ஆதார், பான் கார்டை போட்டோ எடுத்தார். போனில் வந்த ஓ.டி.பி.யையும் கேட்டு வாங்கிக்கொண்டார். மகளுக்கு அது ஒத்துவரவில்லை. பத்தாம் நாள் வேண்டாம் என்று சொன்னால், "லோன் வேற கம்பெனி மேடம், எங்க கையில இல்ல" என்கிறார்கள். அடுத்த தவணை ஐந்தாம் தேதி. முழுத் தொகை எவ்வளவு என்று வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது.
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முழுத் தொகை 83,976 ரூபாய். அதை இன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். நாளைக்கு வசூல்காரர் போன் அவருக்குப் போய், அதிலிருந்து அவர் தெரிந்துகொள்வது நன்றாக இருக்காது.

"லோன் வேற கம்பெனி" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. அன்றைக்கு உங்கள் வீட்டில் நடந்தவை இரண்டு ஒப்பந்தங்கள். ஒன்று ஆப் கம்பெனியோடு, இன்னொன்று நீங்கள் முகமே பார்க்காத ஒரு நிதி நிறுவனத்தோடு. நீங்கள் சொன்ன ஓ.டி.பி.தான் அந்த இரண்டாவதற்குப் போட்ட கையெழுத்து. நிதி நிறுவனம் மொத்தப் பணத்தையும் ஆப் கம்பெனிக்கு முன்னாலேயே கொடுத்திருக்கும். பணம் கைக்கு வந்துவிட்டதால் ஆப்காரருக்கு அவசரம் இல்லை. தேதி தவறாமல் உங்களிடம் வசூலிக்கப்போவது மற்றவர்.

மீதிப் பாதி பொய். 15 நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று வாக்குக் கொடுத்தது ஆப் கம்பெனி. பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, கடனை அடைக்க வேண்டிய பணத்தை நிதி நிறுவனத்துக்கு அனுப்புவதும் அதன் பொறுப்புதான்.

இன்று இரவே மெயில் எழுதுங்கள். வாங்கிய தேதி, வேண்டாம் என்று சொன்ன தேதி, யாரிடம் சொன்னீர்கள், 15 நாள் என்று யார் சொன்னார், இந்த நான்கும் இருந்தால் போதும். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. ஆப் கம்பெனி, நிதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி, இரண்டு முகவரிக்கும் ஒரே மெயிலாகப் போகட்டும். போனில் எத்தனை முறை சொன்னாலும் நாளைக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. விற்க வந்தவர் வாட்ஸ்அப்பில் "15 டேஸ் ரிட்டர்ன்" என்று ஒரு வரி அனுப்பியிருந்தால், அவர் அழிப்பதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். டேப்லெட்டைப் பெட்டியில் வைத்து, பின்பக்கத்து எண் தெரியும்படி போட்டோ எடுங்கள். யார் வந்து கேட்டாலும் கையெழுத்துப் போட்ட ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

அடுத்து, கடன் கொடுத்தவர் மெயிலில் அனுப்பியிருக்க வேண்டிய முக்கிய விவரப் படிவத்தை (Key Fact Statement) தேடுங்கள். செயலி வழியாகக் கொடுக்கும் கடன்களுக்கு, மனம் மாறினால் அபராதம் இல்லாமல் வெளியேற ஒரு கால அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எத்தனை நாள் என்பது அந்தப் படிவத்தில் இருக்கும். பெரும்பாலும் சில நாட்கள்தான், உங்களுக்கு அது தாண்டியிருக்கலாம். அதனால் ஆப் கம்பெனி கொடுத்த 15 நாள் வாக்கு ரத்தாகிவிடாது. இரண்டையும் குழப்பி, "டைம் முடிஞ்சுபோச்சு" என்பார்கள், விடாதீர்கள்.

ஐந்தாம் தேதித் தவணையைப் பலர் கோபத்தில் நிறுத்திவிடுகிறார்கள். கணக்கில் பணம் இல்லாமல் ஆட்டோ டெபிட் திரும்பினால் வங்கி ஒரு பக்கம் அபராதம் பிடிக்கும், நிதி நிறுவனம் இன்னொரு பக்கம் பிடிக்கும். கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். நாளைக்கு நீங்கள் பவர் மெஷின் வாங்க லோன் கேட்கும்போது அது வந்து நிற்கும். முடிந்தால் இந்த ஒரு தவணையைக் கட்டிவிட்டு, "ரத்து கேட்டிருக்கிறேன், ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்" என்று மெயில் போட்டுவிடுங்கள்.

நிதி நிறுவனம் 30 நாளில் பதில் சொல்லாவிட்டால், அல்லது சொன்ன பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் இலவசமாகப் புகார் செய்யலாம், விவரம் கேட்க 14448. ஆப் கம்பெனி மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல நிறுவனங்கள் இந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருஷம் வரை நேரம் இருக்கிறது. "கல்வி நுகர்வோர் சட்டத்தில் வராது" என்று யாராவது பயமுறுத்தினால், பள்ளி, கல்லூரிகள் வராது என்று சொன்ன 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே பயிற்சி நிறுவனங்கள் சட்டத்துக்குள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இப்படி வருபவர்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து நாலு கேள்வி கேட்டு, தெரியாமல் முழிக்க வைத்து, அம்மாவைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குத்தான் 83,976 ரூபாய். 2021 டிசம்பரிலேயே, இலவசம் என்று சொல்லி ஆட்டோ டெபிட்டுக்குச் சம்மதம் வாங்குகிறார்கள், கவனம் என்று மத்திய கல்வி அமைச்சகம் பெற்றோரை எச்சரித்தது. அந்த எச்சரிக்கை கொடுங்கையூருக்கும் தண்டையார்பேட்டைக்கும் வந்து சேரவில்லை, விற்பவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

கேள்வி: பத்து வயது மகனை வீட்டிலேயே படிக்க வைக்கலாம் என்று இருக்கிறோம். நான் காலை ஷிப்ட் வேலை, மதியம் வீட்டில் இருப்பேன். ஒரு ஏஜென்சி "ஹோம்ஸ்கூல் கிட்" 18,000 ரூபாய், என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பதிவுக்குத் தனியாக 12,000 என்கிறது. வாங்கினால்தான் சட்டப்படி செல்லுமாமே?
– வாசகி, பெரம்பூர்

பதில்: செல்லாது. அதாவது, அந்தப் பேச்சு செல்லாது. எந்தக் கிட்டையும் வாங்கச் சொல்லும் சட்டம் இந்த நாட்டில் இல்லை.

சட்டம் சொல்வது இவ்வளவுதான்: 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை, கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 10. மீறிய பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது வைக்கவில்லை. வீட்டுக் கல்வி பற்றி வாயே திறக்கவில்லை. பல குடும்பங்கள் அந்த இடைவெளியில்தான் நடத்திக்கொண்டிருக்கின்றன. தெரிந்தே முடிவெடுங்கள். நடுவில் மனம் மாறினால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. பள்ளியிலிருந்து எடுக்கும்போது மாற்றுச் சான்றிதழை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்பில் சேர 14 வயது ஆக வேண்டும். உங்கள் மகனுக்கு இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. அதற்குக் கீழே 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையான திறந்தநிலை அடிப்படைக் கல்வி இருக்கிறது, விருப்பம் இருந்தால் பார்க்கலாம். தமிழ்நாடு அரசுத் தேர்வுத் துறை நடத்தும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை 12½ வயது முடிந்தவர்கள் எழுதலாம். இப்போதே 12,000 ரூபாய் கொடுத்து எதைப் பதிவு செய்யப்போகிறார்கள் என்று அந்த ஏஜென்சியிடம் எழுத்தில் கேளுங்கள், பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள். நேரம் வரும்போது என்.ஐ.ஓ.எஸ். இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். சேர்ந்த பிறகு ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது வாய்ப்பு, வருஷத்துக்கு இரண்டு தேர்வு. அவசரப்பட ஒன்றுமில்லை.

சரி, 18,000 ரூபாய்ப் பெட்டிக்குள் என்ன இருக்கும்? ஒர்க்‌ஷீட், பிளாஷ் கார்டு, ஒரு உலக உருண்டை, பிளாஸ்டிக் மணிச்சட்டம். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் எல்லா வகுப்புப் புத்தகங்களும் இணையத்தில் இலவசம். அச்சுப் புத்தகம் வேண்டுமென்றால் நுங்கம்பாக்கம் டி.பி.ஐ. வளாகத்தில் கிடைக்கும். அதற்கும் முன்னால், உங்கள் தெருவில் இந்த வருஷம் ஆறாவது போன பிள்ளையின் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

நோட்டுகளை மொத்தமாக ஆண்டர்சன் தெருவில் வாங்கலாம். ஆனால் அட்டையில் "192 பக்கம்" என்று பார்த்ததும் டஜன் கட்டச் சொல்லாதீர்கள். பின் அட்டையின் கீழே பொடி எழுத்தில், இந்தப் பக்க எண்ணிக்கையில் அட்டவணையும் அச்சடித்த பக்கங்களும் சேரும் என்று போட்டிருப்பார்கள். ஒரு தாளில் இங்க் பேனாவால் கோடு போட்டுத் திருப்பிப் பாருங்கள். மறுபக்கம் ஊறினால், 192 பக்க விலைக்கு 96 பக்கத்தைத்தான் வாங்குகிறீர்கள். பயிற்சி நோட்டு, பென்சில், கிரேயான், துருவிக்கெல்லாம் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது, பில்லில் போட்டிருந்தால் கேளுங்கள்.

பிரிண்டர் இப்போது வேண்டாம். மாதம் முப்பது, நாற்பது பக்கத்துக்குத் தெருமுனை ஜெராக்ஸ் கடை போதும். மை காய்ந்து கிடக்கும் பிரிண்டரைவிட அலமாரி உபயோகமானது.

மிச்சமாகும் பணத்தைப் பிள்ளையை வெளியே கூட்டிப்போக வைத்துக்கொள்ளுங்கள். ஐ.சி.எஃப். பக்கத்து ரயில் அருங்காட்சியகம் உங்களுக்குக் கூப்பிடு தூரம். எழும்பூர் அருங்காட்சியகம் ஒரு முழு நாளைக்குத் தாங்கும். கன்னிமாரா நூலகமும் அதே சாலையில்தான். மதியத்துக்கு மேல் நீங்கள் வீட்டில் இருப்பதால் இதெல்லாம் உங்களால் முடியும், எந்தக் கிட்டிலும் அது வராது.

கேள்வி: ஆர்.ஓ. விற்கிறவர் எங்கள் மெட்ரோ வாட்டரில் ஒரு கருவியை விட்டார். ஒரு நிமிஷத்தில் தண்ணீர் செம்மண் கலராகிவிட்டது. அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருந்தது. கைக்குழந்தை இருக்கும் வீடு, பயமாக இருக்கிறது.
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: கலர் தண்ணீரில் இல்லை, கருவியில் இருந்தது. அதில் இரும்புக் கம்பி இருக்கும். உப்புச் சத்துள்ள எந்தத் தண்ணீரிலும் கரண்ட் பாயும், இரும்பு கரையும், துருநிறம் வரும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை, கரண்ட் பாயாது, அதனால் தெளிவாகவே நிற்கும். அடுத்த முறை அவர் வந்தால், அவர் கொண்டுவந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை கல்லுப்பைப் போட்டுக் கலக்கி, "இப்போ வைங்கண்ணா" என்று சொல்லிப் பாருங்கள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வாங்க வேண்டுமா என்பது தனிக் கேள்வி. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான், பக்கத்து வீட்டில் இருந்தால் இரவல் வாங்குங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிக்க ஏற்றது. மெட்ரோ தண்ணீர் அதற்குள் இருந்தால் ஆர்.ஓ.வுக்கு வேலை இல்லை, கிருமியைக் கொல்லும் யு.வி. வடிகட்டி போதும். கடலோரத்து போர் தண்ணீரைக் குடிக்கப் பயன்படுத்தினால் கணக்கு வேறு, அங்கே ஆர்.ஓ. தேவைதான்.

ஆனால் டி.டி.எஸ். காட்டுவது உப்பை மட்டும், கிருமியை அல்ல. குழாயில் சாக்கடை வாடை வந்தால் மீட்டர் எவ்வளவு குறைவாகக் காட்டினாலும் நம்பாதீர்கள். 1916க்குப் புகார் செய்யுங்கள், சரியாகும்வரை அந்தத் தண்ணீரைச் சமையலுக்கும் எடுக்க வேண்டாம். குழந்தைக்கு எந்தத் தண்ணீராக இருந்தாலும் கொதிக்க வைத்து ஆறவைத்துத்தான்.

கேள்வி: கேஸ் போடுகிற தம்பி மூன்றாவது மாடி என்று ஒவ்வொரு தடவையும் 60 ரூபாய் கேட்கிறார். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: வேண்டாம். டெலிவரி கட்டணம் பில் தொகைக்குள்ளேயே இருக்கிறது. இஷ்டப்பட்டுக் கொடுப்பது உங்கள் விருப்பம். வற்புறுத்தினால் ஏஜென்சியில் பில்லைக் காட்டிப் புகார் சொல்லுங்கள். காசைவிட எடையைப் பாருங்கள்: சிலிண்டர் மேலே காலி எடை அடித்திருக்கும், அதோடு 14.2 கிலோ சேர்த்து வர வேண்டும். தராசு கொண்டுவந்து எடை காட்டச் சொல்வது உங்கள் உரிமை. கைப்பிடி வளையத்தின் உள்பக்கம் பி-27 என்பது போல எழுதியிருக்கும், 2027 ஜூன் வரை சோதனைக் கெடு என்று அர்த்தம். கெடு தாண்டியதை இறக்கவே விடாதீர்கள். கேஸ் கசிந்தால் 1906.

கேள்வி: பேரனுக்குப் பாரிமுனையில் பேட்டரி கார் வாங்கினேன். இரண்டாம் நாளே ஓடவில்லை. "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று பில்லிலேயே அடித்திருக்கிறது என்கிறார் கடைக்காரர்.
– ஒரு பாட்டி, ராயபுரம்

பதில்: பில் கொடுத்தாரே, அதுவே பெரிய விஷயம் அம்மா, தொலைத்துவிடாதீர்கள். அந்த வரியை எவ்வளவு பெரிய எழுத்தில் அடித்தாலும் பழுதான பொருளுக்கு அது செல்லாது. பில்லில் வேறு கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள் பழுதானதைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். கடைக்காரரிடம் நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் செய்யப்போவதாகச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே மாற்றித் தந்துவிடுவார்.

மாற்றித் தரும்போது பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும், மருமகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடியதாக இருக்கட்டும். விரலால் திறக்கிற மூடியென்றால், உள்ளே பட்டன் பேட்டரி போட்டிருந்தால், மாற்றாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று பணமாக வாங்கிக்கொள்ளுங்கள்.