பி.எட். படித்தால் போட்ட காசு வருமா?

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் பில்லிங் வேலை பார்க்கிறேன். மாதம் 14,000. அப்பா பி.எட். சேரச் சொல்கிறார். ஒரு தனியார் கல்லூரியில் விசாரித்தோம். வருடத்துக்கு 45,000. “வேலைக்குப் போய்க்கிட்டே படிங்க, பரீட்சைக்கு மட்டும் வந்தாப் போதும், அதுக்குத் தனியா 30,000” என்கிறார்கள். இரண்டு வருடப் படிப்புக்கு ஆக மொத்தம் 1,20,000. நகையை அடகு வைத்தால் புரட்டிவிடலாம், டீச்சர் வேலை கிடைத்ததும் மீட்டுவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு. என் தோழியோ பி.எட். முடித்துவிட்டு என்னைவிடக் குறைவாகச் சம்பளம் வாங்குகிறாள். போட்ட காசு வருமா?

எஸ்., சிவகாசி

அன்புள்ள எஸ்.,

அப்பா சொல்வது அரசுப் பள்ளிச் சம்பளம். உங்கள் தோழி வாங்குவது தனியார் பள்ளிச் சம்பளம். பட்டம் ஒன்றுதான் என்பதால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

தனியார் பள்ளியை முதலில் பேசி முடித்துவிடலாம். சிறு ஊர்களில் புதிதாகச் சேரும் ஆசிரியருக்கு மாதம் பத்து, பன்னிரண்டாயிரம்தான் பல இடங்களில். என் சித்தி மகள் அப்படி ஒரு பள்ளியில் இருந்தாள். சேரும்போதே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மே மாதச் சம்பளம் கிடையாது, ஆனால் அந்த மே மாத வெயிலில்தான் நோட்டீஸ் கட்டோடு வீடு வீடாக ‘அட்மிஷன் கேன்வாஸ்’ போக வேண்டும். ஆளுக்கு இத்தனை பிள்ளைகள் என்று இலக்கு வேறு. நல்ல சம்பளம் தரும் பள்ளிகளும் இருக்கத்தான் செய்கின்றன, பெரும்பாலும் பெரிய நகரங்களில். சிவகாசியிலேயே இருக்கப் போகிறீர்கள், தனியார் பள்ளிதான் கதி என்றால், போட்ட காசு வராது. இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

அரசுப் பள்ளி என்றால் கணக்கு வேறு. எம்.எஸ்ஸி.யோடு பி.எட். இருந்தால், பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குப் பாடம் எடுக்கும் முதுகலை ஆசிரியருக்கான தேர்வு எழுதலாம். அதற்கு டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வு தேவையில்லை. இது உங்களுக்கு உள்ள பெரிய சாதகம். வெறும் பி.எஸ்ஸி., பி.எட். என்றால் டெட் இரண்டாம் தாளில் தேறி, அப்புறம் நியமனத்துக்கு இன்னொரு தேர்வு எழுத வேண்டும். 2013இல் டெட் தேறியவர்களைக் கேட்டுப் பாருங்கள். டெட்டுக்கு 60, பிளஸ் டூவுக்கு 10, பட்டத்துக்கும் பி.எட்.டுக்கும் தலா 15 என்று மதிப்பெண்களைக் கூட்டி ஆளெடுக்கும் வெயிட்டேஜ் முறை வந்தது. பிளஸ் டூவில் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுக்காத காலத்தில் படித்தவர்கள் அதிலேயே பின்தங்கினார்கள். 2018இல் வெயிட்டேஜை எடுத்துவிட்டுத் தனித் தேர்வு என்று அரசாணை போட்டார்கள். அந்தத் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரியில். இடையில் ஓடிய வருடங்களுக்கு யார் வட்டி கொடுப்பது?

முதுகலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 36,900. அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி சேர்ந்தால் தொடக்கத்திலேயே 55 ஆயிரத்தைத் தாண்டும். இன்றைய சம்பளத்தைவிட மாதம் 40 ஆயிரம் கூடுதல். கிடைத்துவிட்டால் ஒரு வருடத்திலேயே எல்லாம் மீண்டுவிடும். ஆனால் எப்போது கிடைக்கும்? ஆசிரியர் தேர்வு வாரியம் 2019இல் 2,144 இடங்களுக்கும், 2021இல் 2,207 இடங்களுக்கும், 2025இல் 1,996 இடங்களுக்கும் அறிவிப்பு விட்டது. எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்துத்தான் இந்த எண்ணிக்கை. 2025இல் விண்ணப்பித்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். 2021 அறிவிப்புக்கான தேர்வு 2022 பிப்ரவரியில் நடந்தது, அடுத்த தேர்வு 2025 அக்டோபரில். நீங்கள் படித்து முடிக்கும் வருடம் எந்த இடைவெளியில் போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 53 என்று உயர்த்திவிட்டார்கள், அதனால் வாய்ப்பு மூடிவிடாது. வட்டிக்கடைக்காரர்தான் அதுவரை காத்திருக்க மாட்டார்.

செலவிலும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஒழுங்காகக் கல்லூரிக்குப் போனால் இரண்டு வருடச் சம்பளம் 3,36,000 கையைவிட்டுப் போகும். கட்டணம் 90,000. பஸ், ரெக்கார்டு நோட்டு, சார்ட், தெர்மாகோல் எல்லாம் சேர்த்தால் நாலரை லட்சத்தைத் தொடும். அதைத் தவிர்க்கத்தான் அந்த 30,000 என்பீர்கள். அந்தப் பக்கம் மட்டும் போகாதீர்கள். பி.எட்.டுக்கு 80 சதவீத வருகையும், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதமும் வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதி. அவர்கள் விற்பது பொய் வருகைப் பதிவேடு. இரண்டு வருடத்தில் 20 வாரம் பள்ளியில் பயிற்சி இருக்கிறது. பின் பெஞ்சில் வழிகாட்டி ஆசிரியர் உட்கார்ந்து குறிப்பெடுக்க, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேர் முன்னால் கை நடுங்கக் கரும்பலகையில் தேற்றத்தை எழுதிப் பழகும் இடம் அது. காசு கொடுத்து அதைத் தாண்டிவிட்டு டீச்சராகி என்ன செய்வீர்கள்? தேர்விலும் அடி விழும். முதுகலைத் தேர்வின் 150 மதிப்பெண்ணில் பாடத்துக்கு 110, பொது அறிவுக்கு 10, மீதி 30 கல்வியியலுக்கு. போட்டி இருக்கும் இருப்பில் அந்த 30ஐ விட்டுக்கொடுத்துவிட்டுப் பட்டியலுக்குள் வருவது கடினம்.

(தொலைநிலையில் படிக்கலாமா என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கான வழி. உங்களுக்குப் பொருந்தாது.)

என் பதில் இதுதான். அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் கலந்தாய்வு வழியாக ஏறக்குறைய 2,000 பி.எட். இடங்கள் இருக்கின்றன. அங்கே கட்டணம் சில ஆயிரங்கள்தான். அதற்கு விண்ணப்பியுங்கள், கிடைத்தால் வேலையை விட்டுவிட்டுச் சேருங்கள். கிடைக்காவிட்டால் நகையை அடகு வைத்துத் தனியாரில் சேர வேண்டாம், அடுத்த வருடம் மறுபடி போடுங்கள்.

அதற்கு முன் பழைய முதுகலைத் தேர்வின் கணிதத் தாள் ஒன்றை எடுத்து, கடிகாரம் வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். பாதிகூடத் தேறவில்லை என்றால் முதலில் மீட்க வேண்டியது எம்.எஸ்ஸி. பாடத்தை. அதற்கு என்னிடம் உள்ள ஒரே யோசனை, மாலையில் பிளஸ் டூ பிள்ளைகள் நாலு பேருக்கு டியூஷன் எடுப்பது. கணக்கு டியூஷனுக்கு எந்தப் பெற்றோரும் பி.எட். சான்றிதழ் கேட்பதில்லை. கையில் கொஞ்சம் காசு வரும், பாடமும் மறக்காது. சொல்லிக்கொடுப்பது உங்களுக்குப் பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, கவனித்தீர்களா?