ரிமோட்டோட வூஃபர் செட்டு வாங்கப் போறீங்களா? கேளுங்க, சொல்றேன்

ஆம்ப்ளிஃபயர், ஹோம் தியேட்டர் சர்வீஸ்தான் என் பொழப்பு, சென்னை சிந்தாதிரிப்பேட்டை பக்கம். கம்ப்யூட்டருக்கு வூஃபர், அதாவது தும் தும்ங்கற பேஸ் சத்தம் குடுக்கற பெரிய பெட்டி, வச்ச செட்டு வேணும், ரிமோட் இருக்கணும், ஐயாயிரத்துக்குள்ள முடியணும்னு நிறைய பேர் கேக்கறீங்க, இன்னிக்கு உக்காந்து பதில் சொல்றேன். ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். எல்லாரும் வூஃபரைப் பாத்துதான் செட்டு வாங்கறீங்க, ஆனா பாட்டுல நீங்க கேக்கறதுல முக்காவாசி பக்கத்துல நிக்கற ரெண்டு சின்ன ஸ்பீக்கர்லேர்ந்துதான் வருது. காசு போடறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க.

பெரம்பூர்க்காரன்: அண்ணா, பட்ஜெட் 3500. பாட்டு, படம், கொஞ்சம் கேம். கடையில ஒரு செட்டு 8000 வாட்ஸ்னு போட்டிருக்கு, இன்னொண்ணு 60 வாட்ஸ் ஆர்.எம்.எஸ்.னு போட்டிருக்கு. 8000 எடுத்துடட்டுமா?

வேணாம் தம்பி. அது பி.எம்.பி.ஓ. நம்பர், ஒரு கண நேரத்துக்கு வர்ற உச்ச வாட்ஸ்னு சொல்லிக்கறது, அதை இப்படித்தான் அளக்கணும்னு ஒரு முறையே கிடையாது, யார் எவ்ளோ வேணா எழுதிக்கலாம். ஆர்.எம்.எஸ்., அதாவது பெட்டி விடாம தொடர்ந்து குடுக்கற நெஜமான வாட்ஸ், எவ்ளோன்னு மட்டும் கேளு. கடைக்காரருக்குத் தெரியலன்னா வூஃபர் பெட்டியைத் திருப்பி பின்னாடி ஸ்டிக்கரைப் பாரு, 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ்னு போட்டு பக்கத்துல வாட்ஸ் இருக்கும், அது பெட்டி லைன்லேர்ந்து இழுக்கறது. இழுக்கறதே 40 வாட்ஸ்னா வெளிய 8000 எப்படி வரும், அந்த 40லயும் ஒரு பங்கு சூடாவே போயிடும். அதுக்காக 60ஐ விட்டுட்டு 80 தேடி அலையவும் வேணாம். வாட்ஸ் ரெண்டு மடங்கானா 3 டெசிபல்தான் ஏறும், காதுக்கு ரெண்டு மடங்கு சத்தம்னு தோணணும்னா பத்து மடங்கு வாட்ஸ் வேணும். சாதாரண 10க்கு 10 அடி ரூமுக்கு நெஜமான 40 வாட்ஸே தாராளம்.

கடையில அவங்க போடற பாட்டை வச்சு முடிவு பண்ணாத, அது எந்தப் பெட்டியிலயும் தும் தும்னு அடிக்கற பாட்டாத்தான் இருக்கும். உன் போன்ல ரெண்டு ரெக்கார்டிங் எடுத்துட்டுப் போ, ஒண்ணு மிருதங்கம் தனி ஆவர்த்தனம் (பாட்டு இல்லாம தாளம் மட்டும் வாசிக்கற பகுதி), இன்னொண்ணு வாத்தியம் கம்மியா, ஆம்பளை குரல் முன்னாடி நிக்கற பாட்டு. மிருதங்கத்தோட இடது பக்கமான தொப்பியில கும்கி, அதாவது உள்ளங்கையால தோலை அழுத்தி இழுக்கற அடி, குடுக்கறப்ப அந்த சத்தம் அப்படியே வளைஞ்சு மேல ஏறும், நல்ல வூஃபர்ல அந்த வளைவு தெளிவா கேக்கும், மட்டமானதுல எல்லா அடியும் ஒரே பூம்தான், ஒரு அடி அடங்கறதுக்குள்ள அடுத்த அடியில போய் ஒட்டிக்கும். வலது பக்கமான வலந்தலையில விழற சாப்புங்கற அடி நறுக்குன்னு கேக்கணும், அது சின்ன ஸ்பீக்கரோட வேலை. குரல் பாட்டுல இன்னொரு விஷயம் புரியும். ஆம்பளைங்க பேசற குரலோட அடிச் சத்தம் 100 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 100 அதிர்வு பக்கம் இருக்கும், 2 இஞ்ச் ஸ்பீக்கரால அதைத் தொட முடியாது, வூஃபர்தான் மேல வரைக்கும் வந்து வாங்கிக்கணும், அப்ப பாடறவர் தொண்டை மேஜை மேலயும் நெஞ்சு மேஜைக்கு அடியிலயும் இருக்கற மாதிரி கேக்கும். அதனால சின்ன ஸ்பீக்கர் 3 இஞ்ச்சாவது இருக்கட்டும். சிலதுல முன்னாடி பெரிய வட்டமா டிசைன் போட்டிருப்பான், உள்ள ஸ்பீக்கர் அதுல பாதி சைஸ்தான், வலையைக் கழட்ட முடிஞ்சா கழட்டிப் பாத்துடு.

வேளச்சேரி ரூம்மேட்: புது செட்டு, ரிமோட் சுத்தமா வேலை செய்யல, திருப்பிக் குடுக்கலாமா?

பேட்டரி கிட்ட ஒரு பிளாஸ்டிக் பட்டை வெளிய நீட்டிட்டு இருக்கும், உருவுங்க. அப்பவும் வரலன்னா போன் கேமராவை ஆன் பண்ணி ரிமோட் மூஞ்சியைக் காட்டி பட்டனை அமுக்குங்க, லைட் எரியறது திரையில தெரிஞ்சா ரிமோட் நல்லா இருக்கு, கோளாறு பெட்டியில. பின் கேமராவுல தெரியலன்னா செல்ஃபி கேமராவுல பாருங்க.

மேடவாக்கம் மேஜை: வூஃபரை மேஜைக்கு அடியில சுவரோரமா மூலையில வச்சிருக்கேன். பேஸ் நல்லா வருது ஆனா ரிமோட்டுக்கு ஒவ்வொரு தடவையும் குனிய வேண்டியிருக்கு. என்ன பண்றது?

நல்ல கேள்வி சார். நம்ம விலையில வர்ற செட்டுல ஆம்ப்ளிஃபயர், டிஸ்ப்ளே, ரிமோட் கண்ணு எல்லாமே வூஃபர் பெட்டியிலதான் இருக்கு. வூஃபர் கீழ மூலையில இருக்கணும்னு ஆசைப்படுது, ரிமோட் கண்ணு உங்களை நேராப் பாக்கணும்னு கேக்குது, ரெண்டையும் ஒரே பெட்டியில அடைச்சுட்டாங்க. மூலையில வச்சா பேஸ் கூடும்கறது உண்மைதான், ஆனா அது கூடறது எல்லாம் நல்ல பேஸ் இல்ல. 10 அடி ரூம்ல 56 ஹெர்ட்ஸ் பக்கத்துல சத்தம் சுவருக்கு சுவர் மோதி எழும்பும், மூலை அதை இன்னும் ஊதிவிடும், நீங்க பேஸ் நல்லா வருதுன்னு சொல்றது பாதி அந்த ஒரே சுருதியாத்தான் இருக்கும். பெட்டியை மூலையிலேர்ந்து ஒரு ஒன்றரை அடி வெளிய இழுங்க, மேஜையோட முன் விளிம்புக்கு வாங்க, முகத்தை உங்க நாற்காலி பக்கம் திருப்புங்க. ரிமோட்டும் எடுக்கும், பேஸும் சுத்தமாகும். ரொம்ப தள்ளி அறையோட அந்தக் கோடிக்கு மட்டும் கொண்டு போகாதீங்க. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருந்தா சத்தம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு காதுக்குத் தெரியாது, ஆனா நம்ம செட்டுங்கள்ல வூஃபர் 150 வரைக்கும் கூட பாடுது, அது எங்க இருக்குன்னு நல்லாவே தெரிஞ்சுடும்.

வாங்கப் போறவங்களுக்கும் இதையே சொல்றேன், ரிமோட் தொலைஞ்சா பெட்டியிலயே வால்யூமும் பேஸும் குறைக்க முடியுதான்னு பாருங்க. பேஸ், ட்ரெபிள் (கூர்மையான மேல் சத்தம்) ரெண்டும் ரிமோட்ல மட்டும் இருக்கற செட்டு நிறைய வருது. கரண்ட் போய் வந்தா பழைய வால்யூமை ஞாபகம் வச்சுக்குதான்னும் கடையிலயே பிளக்கைப் பிடுங்கி மாட்டிப் பாருங்க.

அம்பத்தூர் ஏரியா: சார் 12000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. 2800 ரூபாய்க்கு வருது, நல்ல டீலா?

மேல பெரம்பூர் தம்பிக்கு சொன்னதைப் படிங்க. ஆர்.எம்.எஸ்.

குரோம்பேட்டை கேமர்: 2.1 வேஸ்ட்டுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க, 4500ல 5.1 எடுக்கலாமா? லேப்டாப்தான்.

2.1னா ரெண்டு சின்ன ஸ்பீக்கரும் ஒரு வூஃபரும், 5.1னா அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு வூஃபரும். லேப்டாப்ல ஒரே ஒரு ஹெட்போன் ஓட்டை, அதுல வர்றது லெஃப்ட் ரைட் ரெண்டே சேனல். அதை 5.1ல சொருகினா முன்னாடி வர்றதே பின்னாடியும் வரும், அவ்ளோதான். டெஸ்க்டாப்ல பச்சை, கருப்பு, ஆரஞ்சுன்னு மூணு ஓட்டைக்கும் வயர் போட்டாத்தான் நெஜமான 5.1. ஒரே காசை மூணு பெட்டியில போடறதா ஆறு பெட்டியில போடறதான்னு யோசிங்க, 4500க்கு நான் 2.1தான் சொல்லுவேன். கேமுக்கு வயர்லயே மாட்டுங்க, ப்ளூடூத்ல சத்தம் லேட்டா வரும், சுட்டதுக்கு அப்புறம் வெடி கேக்கும்.

தாம்பரம் ஈஸ்ட்: யூ.எஸ்.பி.யிலயே ஓடற வூஃபர் செட்டு 900 ரூபாய்க்கு இருக்கே?

சாதா யூ.எஸ்.பி. ஓட்டை குடுக்கறது 5 வோல்ட் அரை ஆம்பியர், மொத்தமே இரண்டரை வாட்ஸ். பேசறது கேக்கும், பேஸ் எதிர்பாக்காதீங்க.

கொளத்தூர் மேடம்: லேப்டாப் சார்ஜர் மாட்டினா ஸ்பீக்கர்ல ம்ம்ம்னு ஒரு சத்தம். கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடும்போது இன்னும் அதிகம். ஸ்பீக்கர் கெட்டுப் போச்சா?

ஸ்பீக்கர் மேல தப்பு இருக்காது மேடம். சார்ஜரைக் கழட்டினா நிக்குதுன்னா அது பெரும்பாலும் எர்த் லூப், அதாவது ரெண்டு எர்த் வழியும் ஒரு வளையமா சேந்து வர்ற முனகல், ரெண்டு பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டிப் பாருங்க, நிக்கலன்னா லேப்டாப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல அந்த வளையத்தை அறுக்கற ஐசொலேட்டர் வயர் ஒண்ணு போடணும், எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும். சார்ஜரோட எர்த் பின்னை உடைச்சு விடுங்கன்னு யாராவது சொன்னா கேக்கவே கேக்காதீங்க, சத்தம் நின்னுடும், ஆனா உயிருக்கு இருந்த பாதுகாப்பும் போயிடும். இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவா (கரண்டை வளைவா இல்லாம சதுரம் சதுரமா குடுக்கறது) இருந்தா டிரான்ஸ்ஃபார்மர் வச்ச எந்த செட்டும் முனகத்தான் செய்யும், அந்த நேரம் ஆஃப் பண்ணி வைங்க.

ரிச்சி பழைய ஆளு: எல்லாரையும் கம்பெனி செட்டு பக்கமே தள்ளறீங்களே அண்ணே. அதே காசுக்கு போர்டு, டிரான்ஸ்ஃபார்மர், ரிமோட் கிட் எல்லாம் நரசிங்கபுரம் தெருவுல வாங்கி அசெம்பிள் பண்ணா டபுள் சத்தம் வருமே. ரிப்பேர் ஆனாலும் ஐசி மாத்தினா போச்சு.

ரிப்பேர் விஷயத்துல நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. இப்ப வர்ற பல கம்பெனி செட்டுல எல்லாத்தையும் ஒரே போர்டுல போட்டு கம் ஊத்திடறாங்க, ஒரு பார்ட் போனா போர்டையே மாத்தணும். அசெம்பிள்ட் செட்டு என் டேபிளுக்கு வந்தா எனக்கே நிம்மதி. ஆனா டபுள் சத்தம்னு சொல்றதை ஒத்துக்க மாட்டேன். அந்த கிட்ல வர்றது பெரும்பாலும் 2030 ஐசி (TDA2030ங்கற ஆம்ப்ளிஃபயர் சிப்), கம்பெனி டேட்டாஷீட்ல ஒரு ஐசிக்கு 14 வாட்ஸ்தான் போட்டிருக்கு. மூணு ஐசி போட்டு போர்டுல 150 வாட்ஸ்னு அச்சடிச்சா அது யாரு தப்பு?

ரிச்சி பழைய ஆளு: எங்க அப்பா கட்டின செட்டு இன்னும் பாடுது, 2030தான். ஒரு ஐசி கூட போகல.

உங்க அப்பா நிதானமா கட்டியிருப்பார், அந்தக் காலத்து ஐசியும் ஒரிஜினலா இருந்திருக்கும். இப்ப கிட்டோட 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் குடுக்கறாங்க, அதாவது நடுவுலேர்ந்து ப்ளஸ், மைனஸ் ரெண்டு பக்கத்துக்கும் 12 வோல்ட். 12 வோல்ட்டை டிசி ஆக்கினா 17 வரும். ராத்திரி லைன் 250க்கு ஏறுதுன்னு வைங்க, அது 18.4 ஆயிடும். சாதா 2030 தாங்கறது ஒரு பக்கத்துக்கு 18 வோல்ட்தான். அதனாலதான் சத்தம் கம்மியா வச்சிருந்தும் ஐசி போயிடுச்சுன்னு ஆளுங்க வந்து நிக்கறாங்க. 2030ஏ போடுங்க, அது 22 வரைக்கும் தாங்கும், அதுவும் டூப்ளிகேட் இல்லாம பாத்து வாங்கணும்.

அசெம்பிள் ரசிகன்: பழைய ஆளு சொல்றதுதான் கரெக்ட். கம்பெனி வூஃபர் எல்லாம் வெறும் டப்பா. நம்ம ஆளுங்க பிளைவுட்ல அடிக்கற பெட்டி முன்னாடி நிக்காது.

பிளைவுட் நல்லதுதான், நான் மறுக்கல. ஆனா பெட்டியோட அளவும் பேஸ் காத்து வெளிய வர்ற ஓட்டைக் குழாயோட நீளமும் ஸ்பீக்கருக்கு ஏத்த மாதிரி இருக்கணும், கண்ணால பாத்து அடிச்சா ஒரே இடத்துல பூம்னு ஊதும். கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, தனி ஆவர்த்தனம் போட்டு. இதையெல்லாம் விட எனக்கு ரொம்ப வருத்தம் குடுக்கறது வேற. பல அசெம்பிள்ட் செட்டுல தகர கேபினெட், ரெண்டு பின் வயர், எர்த் இல்ல, ஃப்யூஸ் இல்ல, சுவிட்ச் டெர்மினல்ல டேப் கூட சுத்தாம இருக்கும். அந்தப் பெட்டி மேல சின்னப் பசங்க கை வைப்பாங்க. கட்டறவங்க மூணு பின் வயர் போட்டு எர்த்தை கேபினெட்ல ஸ்க்ரூ போட்டு முறுக்குங்க, லைன்ல ஒரு ஃப்யூஸ் போடுங்க, ரெண்டுக்கும் சேத்து நூறு இருநூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுடும். இதைச் செய்யறவரா இருந்தா அசெம்பிள்ட் செட்டே வாங்குங்க, நானே சொல்றேன்.

ரிச்சி பழைய ஆளு: எர்த் விஷயம் சரிண்ணே. 2030ஏ மாத்திப் பாக்கறேன்.

மாத்துங்க, அப்படியே ஐசி சூட்டை இழுக்கற ஹீட் சிங்க் தகட்டையும் கவனிங்க. அந்த ஐசியோட முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோட சேந்தது, நடுவுல கரண்ட் கடக்காத மைக்கா தகடு வைக்காம கேபினெட்ல முறுக்கிடாதீங்க.

போரூர் பாலாறு: எந்த பிராண்ட் பெஸ்ட்?

வீட்டுக்குப் பக்கத்துல எதோட சர்வீஸ் சென்டர் இருக்கோ அது. ஜெப்ரானிக்ஸ் சென்னை கம்பெனி, கிரியேட்டிவ், லாஜிடெக், எஃப் அண்ட் டி எல்லாம் கிடைக்குது. மாடலுக்கு மாடல் வித்தியாசப்படும், கேட்டு வாங்குங்க.

ஆவடி: அண்ணா 5000 வாட்ஸ் செட்டு ஒண்ணு...

ஆர்.எம்.எஸ். தம்பி, ஆர்.எம்.எஸ். பெட்டியைத் திருப்பிப் பாரு.

மூணாவது மாடி: கீழ் வீட்டுக்காரர் தினம் சண்டைக்கு வர்றார். நான் சத்தமாவே வைக்கறதில்ல.

உங்களுக்கு சத்தமா இல்ல, அவருக்கு அதிர்வு. பேஸ் தரை வழியா இறங்குது. பெட்டிக்கு அடியில தடிமனான ரப்பர், இல்ல ஃபோம் வைங்க, முக்கியமா வூஃபர் வால்யூமை பாதியா குறைங்க. குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி 10லேர்ந்து காலைல 6 வரைக்கும் 45 டெசிபல்தான் அளவுன்னு 2000ல வந்த விதியே இருக்கு, அவர் கேக்கறதுல நியாயம் இருக்கு.

திருவான்மியூர் கடலோரம்: ரெண்டு வருஷத்துல வயர் சொருகற இடமெல்லாம் பச்சை பூத்துடுச்சு.

உப்புக் காத்து. மாசம் ஒரு தடவை ஜாக்கைக் கழட்டி சொருகுங்க, கான்டாக்ட் கிளீனர் அடிங்க. வூஃபர் சுத்தி வளையம் ஃபோமா இருந்தா உதிரும், ரப்பர் வளையம் உள்ளதா பாத்து வாங்குங்க.

மயிலாப்பூர் மகள்: அப்பாவுக்கு 74 வயசு. கம்ப்யூட்டர்ல கச்சேரி கேப்பார், சாஹித்யம் சரியா புரியலங்கறார். ரிமோட் இருந்தா எழுந்து போக வேண்டாமேன்னு பாக்கறேன். 4000 வரைக்கும் ஓகே.

இவருக்கு வூஃபர் சைஸ் பாக்கவே வேண்டாம்மா. 3 இஞ்ச் ஸ்பீக்கர், ட்ரெபிள் தனியா ஏத்தற வசதி, அது ரெண்டும் இருக்கற 2.1 பாருங்க. ரிமோட்ல பட்டன் பெருசா, வால்யூம் கூட்டற, குறைக்கற பட்டன் ரெண்டும் தடவினாலே தெரியற மாதிரி இருக்கணும், மெல்லிசா கார்டு மாதிரி வர்றதுல அவருக்குப் பட்டனே தெரியாது. சின்ன ஸ்பீக்கர் ரெண்டையும் மானிட்டருக்குப் பின்னாடி ஒளிக்காம, அவர் உக்கார்ற நாற்காலியில காது உயரத்துக்கு, அவர் முகத்தைப் பாத்த மாதிரி வைங்க. ட்ரெபிளை நடுவுக்கு மேல ரெண்டு புள்ளி ஏத்துங்க, வூஃபரை கால்வாசிக்கு இறக்குங்க. முடிஞ்சா அவரையே கடைக்குக் கூட்டிட்டுப் போங்க, அவர் தினம் கேக்கற கச்சேரியையே போடச் சொல்லி, எதுல வார்த்தை புரியுதோ அதை அவரே சொல்லட்டும். மைலாப்பூர்லேர்ந்து பறக்கும் ரயில்ல சிந்தாதிரிப்பேட்டை இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஆட்டோ பிடிங்க, காலைல கடை தொறந்த உடனே போனா கூட்டம் இருக்காது, நின்னு நிதானமா கேக்க விடுவாங்க.