டிரிபிள்-ஏ-வில் வெளுத்து வாங்கும் பேட்டரை மேஜர் லீக்குக்கு எப்போது அழைப்பார்கள்?

கேள்வி: அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், கடல் மட்டத்திலிருந்து நல்ல உயரத்தில் இருக்கும் ஓர் ஊரில் வசிக்கிறோம். இங்கே ஒரு டிரிபிள்-ஏ பேஸ்பால் அணி உண்டு, அதாவது மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே ஆடும் அணி. நானும் மகளும் அடிக்கடி மேட்ச் பார்க்கப் போவோம். எங்கள் ஃபர்ஸ்ட் பேஸ்மேனுக்கு 26 வயது. இந்த சீசனில் ஆவரேஜ் .330-ஐத் தாண்டிவிட்டது, அதாவது நூறு தடவைக்கு 33 ஹிட்டுக்கு மேல். ஹோம் ரன்களும் குவிகின்றன. ஆனால் மூன்று தடவை பேட் பிடித்தால் ஒரு தடவை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட்) ஆகிவிடுகிறார். மேலே மேஜர் லீக் அணியில் அதே இடத்தில் ஆடுபவர் .210 அடித்துக்கொண்டிருக்கிறார். இவரை ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆபீஸ் ஃபேன்டஸி லீக்கில் இவரை எடுத்து வைத்திருக்கிறேன். வைத்துக்கொள்ளலாமா, விட்டுவிடலாமா? அழைப்பு எப்போது வரும் என்று நாமே கணிக்க முடியுமா?

பதில்: ஓரளவுக்குக் கணிக்கலாம். அதற்கு முதலில் ஆவரேஜை ஒதுக்கி வையுங்கள். உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. மூன்றுக்கு ஒரு ஸ்ட்ரைக் அவுட் என்று எழுதியிருக்கிறீர்களே, அணி நிர்வாகத்தின் கண் அங்கேதான் இருக்கும்.

ஆவரேஜ் நிலைக்கு வர ரொம்ப நாள் ஆகும். ஒரு பேட்டரின் ஆவரேஜை நம்பச் சுமார் 900 அட்-பேட் (பேட் பிடித்த தடவைகளில் வாக் போன்றவை சேராத கணக்கு) வேண்டும் என்பது புள்ளிவிவரக்காரர்கள் பரவலாகச் சொல்லும் கணக்கு. ஒரு முழு டிரிபிள்-ஏ சீசன் ஆடினாலும் அது கிடைக்காது. ஸ்ட்ரைக் அவுட் விகிதமோ 60 தடவை பேட் பிடித்தாலே ஒரு வடிவத்துக்கு வந்துவிடும். வாக் (நான்கு கெட்ட பந்தை விட்டு ஃபர்ஸ்ட் பேஸுக்கு நடந்து போவது) விகிதத்துக்கு 120 தடவை போதும். அதனால் மே மாத இறுதியில் ஒருவர் .330 அடிக்கிறார் என்றால், அடித்த பந்துகள் ஃபீல்டர்களுக்கு நடுவே விழுந்த அதிர்ஷ்டமும் அதில் கலந்திருக்கும். ஸ்ட்ரைக் அவுட் கணக்கில் அதிர்ஷ்டத்தின் பங்கு மிகக் குறைவு. மேஜர் லீக்கில் பேட்டர்கள் சராசரியாக 100-க்கு 22, 23 தடவை ஸ்ட்ரைக் அவுட் ஆகிறார்கள். கீழே 33 வைத்திருப்பவருக்கு, இன்னும் கூர்மையான பிட்சிங்கைச் சந்திக்கும்போது அது குறைவதற்கு வழியில்லை.

ஊரின் உயரத்தையும் கழித்துப் பார்க்க வேண்டும். பசிபிக் கோஸ்ட் லீக்கில் ஆல்புகர்க்கி, ரீனோ, சால்ட் லேக் போன்ற ஊர்களில் காற்று மெலிந்திருக்கும். அடித்த பந்து கூடுதல் தூரம் பறக்கும். அதைவிட முக்கியம், பிட்சரின் பிரேக்கிங் பால் அவ்வளவாக வளையாது. மேலே போய் வளையும் பந்தைச் சந்திக்கப் போகிற ஒருவர் இங்கே குவித்த எண்களை அணிகள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. வெளியூர் மேட்ச்களில், அதுவும் தாழ்வான ஊர்களில், இவர் எப்படி அடித்திருக்கிறார் என்று தனியாகப் பாருங்கள்.

நேரில் போய்ப் பார்க்க முடிகிறது என்பதால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அடுத்த தடவை போகும்போது இவருடைய ஹோம் ரன்னுக்காகக் காத்திருக்காமல், இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு வரும் ஸ்லைடரைக் கவனியுங்கள். பிளேட்டின் நடுவுக்கு வருவது போலக் கிளம்பி, கடைசி சில அடிகளில் வெளியே சரிந்து மண்ணைத் தொடப் போகிற பந்து. பேட்டரின் முன்கால் தரையில் ஊன்றிவிட்டது. கைகள் இன்னும் பின்தோளருகே நிற்கின்றனவா, இல்லை இடுப்போடு சேர்ந்து ஏற்கெனவே முன்னே கிளம்பிவிட்டனவா? நின்றால் பந்தை விட்டுவிடுவார், கணக்கில் ஒரு ‘பால்’ (ஸ்ட்ரைக் ஆகாத பந்து) ஏறும். கிளம்பிவிட்டால் மட்டை பந்துக்கு மேலே காற்றில் போகும். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை விடத் தெரிந்தவர்தான் டெஸ்ட் ஓப்பனர் என்று கிரிக்கெட்டில் சொல்வோமே, அதே விஷயம்தான். இந்தப் பந்தை விடத் தெரியாதவர் என்று தெரிந்துவிட்டால், மேஜர் லீக் பிட்சர்கள் வேறு பந்தே போட மாட்டார்கள்.

இதற்கு என் மனதில் முதலில் வரும் உதாரணம் ஹுவான் சோட்டோ. 2018 சீசனைத் தொடங்கும்போது அவர் வாஷிங்டன் நேஷனல்ஸின் லோ-ஏ அணியில், டிரிபிள்-ஏ-வுக்கு மூன்று படி கீழே, இருந்தார். ஹை-ஏ போனார், டபுள்-ஏ-வில் எட்டே மேட்ச் ஆடினார், டிரிபிள்-ஏ-வைத் தொடவேயில்லை. மே 20 அன்று 19 வயதில் மேஜர் லீக்கில் இறங்கினார். அந்த ஆண்டு ஆவரேஜ் .292, ஹோம் ரன் 22, வாக் 79. கெட்ட பந்தைத் தொடாத கண் அவருக்குக் கீழேயே இருந்தது, மேலே போன பிறகும் அது அப்படியே வேலை செய்தது.

ஆனால் சோட்டோவுக்கு அழைப்பு வந்த நாளைத் தீர்மானித்தது அவர் அல்ல. அதற்கு முந்தைய நாள் ஹோவி கென்ட்ரிக்கின் குதிகால் தசைநார் அறுந்தது. அவுட்ஃபீல்டில் வேறு சிலருக்கும் காயம். வரிசையில் சோட்டோவுக்கு முன்னால் நின்ற விக்டர் ரோப்லெஸும் முழங்கை அடிபட்டு உட்கார்ந்திருந்தார். தகுதி எப்போதோ வந்திருக்கும், காலியிடம் வரும் நாள்தான் அழைப்பு வரும் நாள். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகிவிட்டால் முக்கால்வாசி குழப்பம் தீரும்.

காலியிடம் என்றால் தினமும் ஆட ஓர் இடம். வளரும் பேட்டரை மேலே கூட்டிப்போய் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் பேட் கொடுப்பதைவிட, கீழே தினமும் நான்கு தடவை பேட் பிடிக்க விடுவது மேல் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் ஆளுக்கு இதில் சிக்கல் அதிகம். ஃபர்ஸ்ட் பேஸைத் தவிர வேறெங்கும் ஆடாதவருக்கு ஒரே ஒரு கதவுதான். 2024-இல் சான் டியாகோ பாட்ரேஸ், ஷார்ட்ஸ்டாப்பான ஜாக்சன் மெரிலை சென்டர் ஃபீல்டுக்கு மாற்றி, டிரிபிள்-ஏ ஆடாத 20 வயதுப் பையனை சீசனின் முதல் நாளே இறக்கியது. அங்கேதான் இடம் காலியாக இருந்தது. அவரும் 24 ஹோம் ரன் அடித்தார்.

அப்புறம் ரோஸ்டர் கணக்கு. மேஜர் லீக் அணியில் 26 பேர் ஆடலாம், செப்டம்பரில் 28. அவர்களையும் சேர்த்து 40 பேர் பட்டியல் ஒன்று உண்டு. உங்கள் ஆள் அதில் இருக்கிறாரா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால், இவரைச் சேர்க்க வேறொருவரை அதிலிருந்து நீக்க நேரிடலாம். திடீரென ஒருவர் காயம்பட்டால் பெரும்பாலும் ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரைத்தான் கூப்பிடுவார்கள்.

நாள்காட்டியும் விளையாடும். 172 நாள் மேஜர் லீக்கில் இருந்தால் ஓர் ஆண்டு சர்வீஸ், ஆறு ஆண்டு சேர்ந்தால் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது வேறு அணிக்குப் போகலாம். சீசன் சுமார் 187 நாள். இரண்டு வாரம் சொச்சம் கீழே உட்கார வைத்தால் அணிக்கு ஓர் ஆண்டு லாபம். 2015-இல் சிகாகோ கப்ஸ், ஸ்பிரிங் டிரெயினிங்கில் ஒன்பது ஹோம் ரன் அடித்த கிரிஸ் பிரையன்ட்டை அயோவாவிலுள்ள தன் டிரிபிள்-ஏ அணிக்கு அனுப்பிவிட்டு ஏப்ரல் 17 அன்று அழைத்தது. சீசன் முடிவில் அவருக்கு 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு! அவர் முறையிட்டார், 2020-இல் தீர்ப்பு அணிக்குச் சாதகமாக வந்தது. விதிப்படி சரி, ஆட்டக்காரருக்கு நியாயமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

2022 ஒப்பந்தம் இதைக் கொஞ்சம் மாற்றியது. முன்னணி இளம் ஆட்டக்காரரை முழு ஆண்டும் வைத்திருந்து அவர் ரூக்கி ஆஃப் தி இயர் (ஆண்டின் சிறந்த புதுமுகம்) விருது வாங்கினால், புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அணிக்குக் கூடுதலாக ஒரு தேர்வு கிடைக்கும். ஆனால் 130 அட்-பேட் அல்லது 45 நாள் தாண்டினால் அடுத்த ஆண்டு ரூக்கி தகுதி போய்விடும். அதனால்தான் ஆகஸ்ட் இரண்டாம் பாதியில் அழைப்புகள் வருகின்றன. 2022-இல் கார்பின் கேரல் ஆகஸ்ட் 29 அன்றும், கன்னர் ஹெண்டர்சன் ஆகஸ்ட் 31 அன்றும் மேலே வந்தார்கள். 2023-இல் இருவரும் அவரவர் லீக்கில் அந்த விருதை வாங்கினார்கள். ஆனால் இந்த வழி இளம் நட்சத்திரங்களுக்கானது. 26 வயதுக்காரருக்காக எந்த அணியும் இந்தக் கணக்கைப் போடாது.

அழைத்த பிறகு ஒருவர் திணறினால் எவ்வளவு நாள் பொறுப்பது? வில்லி மேஸ் 1951-இல் மினியாபொலிஸ் டிரிபிள்-ஏ அணியில் .477 அடித்துவிட்டு வந்து, மேஜர் லீக்கில் முதல் 26 அட்-பேட்டில் ஒரே ஒரு ஹிட்தான் எடுத்தார். நியூயார்க் ஜயன்ட்ஸ் மேனேஜர் லியோ டுரோச்சர் அவரை மாற்றவில்லை. அந்த ஆண்டே ரூக்கி விருது. அதே ஊரில், அதே ஆண்டில், 19 வயது மிக்கி மேன்டிலை யாங்கீஸ் கீழே அனுப்பி, ஆகஸ்டில் திரும்ப அழைத்தது. இரண்டு முடிவுமே பலித்தன. ஹிட் விழாததைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 2024 ஏப்ரலில் பால்டிமோர் ஓரியோல்ஸின் ஜாக்சன் ஹாலிடே 34 அட்-பேட்டில் 2 ஹிட் எடுத்தார். அதைவிட ஆபத்தான எண், அதில் 18 ஸ்ட்ரைக் அவுட். நார்ஃபோக் டிரிபிள்-ஏ அணிக்குத் திருப்பி அனுப்பியது சரியான முடிவு.

சரி, உங்கள் ஃபர்ஸ்ட் பேஸ்மேன். ஃபேன்டஸியில் இப்போது விட்டுவிடுங்கள். டிரிபிள்-ஏ மேட்ச்களின் பந்துவாரி விவரம் பேஸ்பால் சாவன்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்ட்ரைக் ஸோனுக்கு (ஸ்ட்ரைக்காகக் கணக்கிடும் எல்லைக்கு) வெளியே போகும் பந்துகளில் எத்தனைக்கு இவர் மட்டையை வீசுகிறார் என்று மாதம் ஒருமுறை பாருங்கள். அது 100-க்கு 30-க்குக் கீழே இறங்கி, அடுத்த நூறு தடவையில் ஸ்ட்ரைக் அவுட் 25-ஐ ஒட்டி வந்தால் திரும்ப எடுங்கள். மேலே இருப்பவர் காயப் பட்டியலில் ஏறி, இவரும் 40 பேர் பட்டியலில் இருந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.