சித்திரையில் எரிச்சல், மார்கழியில் சோர்வு

கேள்வி: எனக்கு 39 வயது. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். சித்திரை, வைகாசி வந்தாலே எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன். இந்த வருடம் ஒரு வாடிக்கையாளரிடமே கத்திவிட்டேன், சூப்பர்வைசர் எச்சரித்திருக்கிறார். தீபாவளி வரை எப்படியோ ஓடிவிடுகிறது. அது முடிந்தால் பொங்கல் வரை எதிலும் பிடிப்பில்லை, காலையில் எழவே முடியவில்லை. குளிர்காலத்தில் வெளிச்சம் குறைவதால் வரும் மன அழுத்தம் என்று போனில் படித்துவிட்டு, அதற்கென்றே விற்கும் ஒரு விளக்கை வாங்கச் சொல்கிறான் அக்கா மகன். வாங்கலாமா? எனக்கு மனநோயா?

- வாசகி, ஜெய்ஹிந்துபுரம், மதுரை

பதில்: விளக்கு வேண்டாம் அம்மா. அந்தக் காசுக்கு வேறு செலவு இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

பையன் படித்தது பொய்யில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோன நார்மன் ரோசன்தால் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1984-இல் அந்த நோயை விவரித்தார்கள். ஆனால் அது முக்கியமாகக் குளிர்நாட்டு விஷயம். லண்டனில் டிசம்பர் பாதிக்கு மேல் பகல் எட்டு மணி நேரம்கூட இருக்காது. மதுரையில் வருடத்தின் மிகச் சிறிய பகலே பதினொன்றரை மணி நேரம். மிகப் பெரிய பகலோடு ஒப்பிட்டால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வித்தியாசம். உங்கள் சோர்வை அதன் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

கோடையைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் தூக்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாம் தூங்க வேண்டுமானால் உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே படுப்பவர் என்றால், பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் தளம் இரவு முழுக்க உங்கள் மேல் இறக்கும். அக்னி நட்சத்திரத்தில் நள்ளிரவு தாண்டியும் சுவர் சுடுவது உங்களுக்கே தெரியும். உள்சூடு இறங்காது, ஆழ்ந்த தூக்கம் வராது, புரண்டு புரண்டு படுத்து விடிந்துவிடும். தூக்கம் கெட்ட மூளை முதலில் இழப்பது பொறுமையை. இருபது சேலையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, 'அப்புறம் வரேன்' என்று எழுந்து போகிறவரிடம் சிரிக்க அந்தப் பொறுமைதான் வேண்டும். மே மாதத்தில் மதியம் ஒரு மணிக்கு மேல் என்னிடம் வரும் நோயாளிகளைக் கேட்டுப் பாருங்கள், என் லட்சணத்தைச் சொல்வார்கள்.

இன்னொன்று, தண்ணீர். ஜவுளிக்கடைப் பெண்கள் பலரிடம் கேட்டிருக்கிறேன். பாத்ரூம் போக ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்க வேண்டியிருப்பதால் தண்ணீரே குடிப்பதில்லை என்பார்கள். உடம்பில் நீர் கொஞ்சம் குறைந்தாலே தலைவலி, கவனக்குறைவு, சிடுசிடுப்பு எல்லாம் வரும். சிறுநீர்த் தொற்று வேறு. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் நீங்கள் குடிப்பது போதாது. கடைக்கு ஒரு பாட்டில் நீர்மோர் கொண்டுபோங்கள். ஜிகர்தண்டா மனசைக் குளிர்விக்கும், மறுக்கவில்லை. ஆனால் அது பாலும் சர்க்கரையும். தண்ணீர்க் கணக்கில் சேர்க்காதீர்கள். நான்கு மணிக்கு மேல் டீ வேண்டாம், அது இரவுத் தூக்கத்தில் கை வைக்கும்.

தண்ணீர் தாராளமாக வரும் வீடென்றால் சாயங்காலம் யாரையாவது மாடித் தளத்தில் நான்கு குடம் ஊற்றச் சொல்லுங்கள். படுக்க ஒரு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளியுங்கள். தோலுக்கு ரத்தம் ஓடி உள்சூடு வெளியேறும். ஐஸ் தண்ணீரில் குளித்தால் அந்த நேரத்துக்குச் சுகம், அவ்வளவுதான்.

அடுத்து மார்கழி. உங்கள் தொழிலில் சீசன் என்றால் மழையோ வெயிலோ இல்லை, ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும்தானே? ஐப்பசியில் வாரக்கணக்கில் லீவு இல்லாமல், இரவு கடை சாத்தும்வரை நின்ற கால் நின்றபடி ஓடுகிறீர்கள். அந்த ஓட்டத்தில் களைப்பு தெரியாது. தீபாவளி முடிந்ததும் கடை, கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபம் மாதிரி ஆகிவிடும். கார்த்திகை முகூர்த்தத்தில் கொஞ்சம் கூட்டம். மார்கழியில் கல்யாணமே கிடையாது, கமிஷனும் இறங்கும். அடக்கி வைத்த களைப்பு எல்லாம் அப்போதுதான் கணக்குத் தீர்க்க வருகிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நிற்பதைக் குறைக்கவும் வழி இருக்கிறது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நான்கு பேர் சேர்ந்து கேளுங்கள். அப்புறம் வெளிச்சம்: காலையில் கடைக்குள் போய் இரவு வெளியே வருகிறவர் வெயிலையே பார்ப்பதில்லை. மேகம் மூடிய மார்கழிக் காலையில்கூட வாசலில் இருக்கும் வெளிச்சம் கடை டியூப்லைட்டைவிடப் பல மடங்கு. ஏழு மணிக்கு அரை மணி நேரம் தெருவில் நடந்தால் போதும், காசில்லாத விளக்கு.

சரி, அந்தப் பணத்தை எதற்குச் செலவழிப்பது? ரத்தப் பரிசோதனைக்கு. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12. நம் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது. அதுவும் தைராய்டு குறைவும் நீங்கள் எழுதிய சோர்வைப் போலவே நடிக்கும். மாதவிலக்கில் உதிரம் அதிகமாகப் போகிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மனநோயா என்று கேட்டிருந்தீர்கள். கடிதத்தை மட்டும் வைத்து ஆம், இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு வாரம் தொடர்ந்து, நாளின் பெரும்பகுதி மனம் இறுகியே இருந்தால், பிள்ளைகளோடு பேசுவதில்கூட நாட்டம் போயிருந்தால், சித்திரையா மார்கழியா என்று மாதம் பார்க்காமல் மனநல மருத்துவரிடம் போங்கள். அரசு இராசாசி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழையுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

பரிசோதனை முடிவு வந்ததும் திரும்ப எழுதுங்கள். விளக்குக்கு ஆர்டர் போட்டிருந்தால், அக்கா மகனிடம் கேன்சல் செய்யச் சொல்லிவிடுங்கள்.