கேள்வி–பதில்: வி.ஆர். (மெய்நிகர் யதார்த்த) ஹெட்செட் வாங்குவோருக்கு

கேள்வி: கலப்பு யதார்த்த ஹெட்செட் என்று சொல்லி மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 2 ஒன்றை விற்றார்கள். போட்டுப் பார்த்தால் அறை கறுப்பு வெள்ளையில் மங்கலாகத் தெரிகிறது. பற்றுச்சீட்டில் ‘வி.ஆர். செட் – 1’ என்று மட்டுமே எழுதியிருக்கிறார்கள். - வாசகி, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அம்மா. 2020 இல் வந்த குவெஸ்ட் 2, சுற்றியுள்ள அறையை மறைத்து முழுக்கக் கணினிக் காட்சியைக் காட்டும் மெய்நிகர் யதார்த்தத்திற்கென்றே செய்யப்பட்டது. அதன் வெளிக் கமராக்கள் தலையும் கையும் அசைவதைக் கணிப்பதற்கானவை. அவை தரும் கறுப்பு வெள்ளைக் காட்சி, சுவரில் முட்டாமல் நடப்பதற்கே போதுமானது. உங்கள் மேசையை அதன் நிறத்தோடு காட்டி, இல்லாத பொருளொன்றை அதன்மேல் இருப்பதுபோல் நிறுத்துவதே கலப்பு யதார்த்தம். அதற்கு வேண்டிய நிறக் கமராக்கள் 2023 இல் வந்த குவெஸ்ட் 3 இலும், 2024 இல் வந்த 3எஸ் இலும் உள்ளன.

பற்றுச்சீட்டைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. மாதிரியின் பெயர், தொடர் இலக்கம், சேமிப்பளவு, உத்தரவாதக் காலம், அதைப் பொறுப்பேற்பவர் யார் என்பவை எழுதப்படாத துண்டு, கடைக்காரரைக் காக்குமேயன்றி உங்களைக் காக்காது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவது வணிகரின் கடமை. வாங்கி மூன்று மாதங்களுக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். கடையின் விளம்பரம் கைப்பேசியில் இருந்தால் அதன் படத்தையும் இணையுங்கள். சபையின் தொலைபேசி இலக்கம் 1977.

கேள்வி: கட்டடக்கலை படிக்கும் மகனுக்குக் கனடாவிலிருந்து அண்ணா வாங்கி அனுப்புகிறார். குவெஸ்ட் 3 நல்லதா, 3எஸ் நல்லதா? - வாசகர், கொக்குவில்

பதில்: இரண்டிலும் செயலி ஒன்றே. வேறுபாடு வில்லையிலும் திரையிலும் இருக்கிறது. குவெஸ்ட் 3 இல் ஒரு கண்ணுக்கு 2064 × 2208 புள்ளிகள். 3எஸ் இல் 1832 × 1920. பின்னதன் வில்லை வளையம் வளையமாகக் கோடுகள் கொண்ட ‘பிரெனெல்’ வகை; அதில் ஓரங்கள் கலங்கும். கண்களுக்கிடையிலான தூரத்தையும் மூன்று நிலைகளில் மட்டுமே மாற்றலாம். வரைபடத்தின் மெல்லிய கோடுகளையும் சிறிய எழுத்துகளையும் பார்ப்பவருக்கு 3 ஐயே சொல்வேன். விளையாட்டுக்கு மட்டுமென்றால் 3எஸ் போதும். பழுதானால் கனடாவுக்கே திருப்பி அனுப்ப வேண்டிவரலாம் என்பதால், மூலப் பற்றுச்சீட்டை அண்ணாவைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: கைப்பேசியைச் செருகும் மலிவான பெட்டி போதாதா? - மாணவன், சாவகச்சேரி

பதில்: போதாது. நானும் ஒன்று வாங்கினேன். தலையைத் திருப்பினால் காட்சி திரும்பும். ஓரடி முன்னே வைத்தால் எதுவும் நகராது. வீட்டில் எல்லோருக்கும் தலைசுற்றியதே மிச்சம்.

கேள்வி: விறாந்தையில் வைத்திருந்த ஹெட்செட்டின் திரையில் மஞ்சள் புள்ளிகள் விழுந்துவிட்டன. உத்தரவாதத்தில் மாற்றித் தருவார்களா? - வாசகர், சுன்னாகம்

பதில்: தரமாட்டார்கள். வில்லைகள் பூதக்கண்ணாடிபோல் வெயிலைக் குவித்துத் திரையைச் சுட்டுவிடும் என்ற எச்சரிக்கை பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கும். அதை ஒருமுறையாவது வாசித்தீர்களா?

கேள்வி: ஐந்து வயதுப் பேத்திக்கு வாங்கலாமா? - வாசகர், நல்லூர்

பதில்: வேண்டாம். குவெஸ்டைத் தயாரிக்கும் நிறுவனமே 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்கிறது.